டிப்போவுக்குள் வந்து நின்ற தண்டவாளம்

வாகரைக்குப் போகவேண்டிய காலை பஸ்ஸை லக்ஷன் பின்னுக்கு எடுத்தபோது, புல்லுக்குள் மறைந்து கிடந்த தண்டவாளத்தின் முனை பின் டயரைக் கிழித்துவிட்டது. சத்தம் கேட்டு கேதீஸ்வரி அலுவலகத்திலிருந்து இறங்கி வந்தாள். லக்ஷன் இடுப்பில் கையை வைத்தபடி டயரையே பார்த்துக்கொண்டு நின்றான். வெளியே பஸ் தரிப்பிடத்தில் நின்ற மீன் வியாபாரி ஒருவர் கேற்றுக்குள் எட்டிப் பார்த்து, "இண்டைக்கும் தண்டவாளமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்த 'இண்டைக்கும்' கேதீஸ்வரிக்கு உறைத்தது.

"இது முதலும் நடந்திரிக்கா தம்பி?"

"வருசத்துக்கு ரெண்டு மூண்டு டயர் போகும் மேடம். புல்லு மறைச்சிரும். கோடை, மாரி எண்டு இல்ல, அதில எப்பவும் புல்லு நிக்கும்."

"அப்ப ஏன் தண்டவாளத்தக் கிளப்பல்ல?"

"அது ரயில்வேட சாமான்."

"பஸ் டிப்போவுக்குள்ள ரயில்வேக்கு என்ன வேலை?"

லக்ஷன் தலையைச் சொறிந்தான். பக்கத்தில் ஸ்பனரோடு நின்ற இரண்டு மெக்கானிக்குகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இவ்வளவு காலமும் அதை ஒருவரும் கேட்டதில்லை.

கேதீஸ்வரி தில்லைத்துறை டிப்போவுக்கு மனேஜராக வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மாங்கேணியிலிருந்து தினமும் தன் டிப்போவின் பஸ்ஸிலேயே வருவாள். அந்த டிப்போவுக்கு இதற்கு முன் பெண் மனேஜர் வந்ததில்லை. ஆட்கள் மரியாதைக் குறைவாக நடந்துகொள்ளவில்லை. மரியாதைதான் அளவுக்கு மீறி இருந்தது. அவள் கன்டீனுக்குள் காலை வைத்தால் பேச்சு நின்றுவிடும். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சோற்றுக் கோப்பையைப் பார்க்கத் தொடங்குவார்கள். இரண்டாம் நாளிலிருந்து அவள் சாப்பாட்டை அலுவலக மேசையிலேயே தனியாகச் சாப்பிடப் பழகிக்கொண்டாள்.

அன்றைக்கு மட்டும் மதியம் கன்டீனுக்குப் போனாள். வழக்கம்போலப் பேச்சு நின்றது. அவள் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஒண்டு கேக்கணும். நம்மட முற்றத்துக்குள்ள வாற தண்டவாளம் எதுக்குப் போட்டது?" என்றாள்.

வேலைத்தளப் பொறுப்பாளர் றவூப் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்தார். ஏறாவூர்க்காரர், டிப்போவில் எல்லோரையும்விட நெடுநாள் வேலை செய்தவர்; எல்லோருக்கும் 'நானா', அண்ணன்.

"நெல்லு ஏத்தத்தான் மேடம். இஞ்ச பெரிய நெல்லு ஸ்டோர் ஒண்டு இரிந்திரிக்கணும். வட்டை வயல்ல வெளையிற நெல்லெல்லாம் இதால கொழும்புக்குப் போயிரிக்கும்."

"சும்மா இருங்க நானா," என்றாள் கன்டீன் நடத்தும் புஸ்பம். கையில் கரண்டியோடு சமையல் கட்டிலிருந்து வெளியே வந்தாள். "அது ஆனை ஏத்தின பாதை. எங்கட மாமனார் சொல்லித்தான் செத்தவர். காட்டுல புடிச்ச ஆனையக் கொண்டந்து இதிலதான் பெட்டியில ஏத்தினதாம்."

"உங்கட மாமனார் ஆனையப் பாத்தவரா?"

"அவர் பாக்கல்ல. அவருக்குச் சொன்ன ஆள் பாத்தது."

சிரிப்பு எழுந்தது. நேரக்காப்பாளன் நௌஷாட், அது யுத்த காலத்து எண்ணெய்ப் பாதை என்றான். "இந்த யுத்தம் இல்ல, வெள்ளக்காரன்ட யுத்தம். கீழ டாங்கி இரிக்கும்." லக்ஷனுக்கு அது டிப்போவுக்குப் பின்னால் கிடக்கும் கடல்வாவியிலிருந்து படகு இழுத்த பாதை. இன்னொருவர் சாராயம் என்றார். கடைசியில் கேதீஸ்வரி கை கழுவி எழுந்தபோது மூன்று மேசைகளிலும் சண்டை நடந்துகொண்டிருந்தது. அவள் வெளியே போனதை ஒருவரும் கவனிக்கவில்லை. அந்த ஊருக்கு வந்த பிறகு அவளுக்குச் சந்தோஷம் தந்த முதல் விஷயம் அதுதான்.

மறுநாள் ரயில்வேக்கு அறிவித்தாள். அடுத்த கிழமை ஸாஹிர் வந்தார். பாதைப் பகுதி இன்ஸ்பெக்டர்; அடுத்த ஸ்டேஷனான கண்ணாமுனையில் ரயில்வே குவாட்டர்ஸில் குடியிருப்பவர். நாற்பது வயதிருக்கும். தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தண்டவாளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தார். பெரிய பாதையிலிருந்து பிரிந்த இடம் இப்போது இல்லை; எப்போதோ கழற்றிவிட்டார்கள். வேலிக்கு அப்பால், ஸ்டேஷன் பக்கத்தில் தொடங்கி, டிப்போவின் முற்றத்தைக் குறுக்கே வெட்டி, வாவிப் பக்க வேலிக்கு எட்டாத தூரத்தில் அது சும்மா முடிந்தது.

"சைடிங்தான் மேடம்," என்றார். "பெட்டியள ஒதுக்கி நிப்பாட்டுற பக்கப் பாதை. ஆனா எங்கட பாதைப் படத்தில இது இல்ல."

"இல்லாட்டி நல்லம்தானே. கிளப்பிட்டுப் போங்களன்."

"படத்தில இல்லாததத்தான் கிளப்ப ஏலா. எதுக்குப் போட்டதெண்டு காரணம் எழுதணும். எண்ணெய் ஏத்தின இடமெண்டா கீழ டாங்கி கிடக்கும், வேற ஆக்கள் வந்து பாக்கணும். நெல்லு ஸ்டோரெண்டா காணி வேற திணைக்களக் கந்தோருக்குச் சொந்தம். காரணம் தெரியாதெண்டு எழுதினா கொழும்பிலிருந்து அளக்க வருவாங்க."

"எப்ப வருவாங்க?"

ஸாஹிர் வாவிப் பக்கம் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே பதில் இருந்தது.

"சரி, நாமளே கண்டுபிடிப்பம்," என்றாள் கேதீஸ்வரி.

அவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டார். ஆனால் சனிக்கிழமை லீவு நாளில் சொன்ன நேரத்துக்கு வந்து நின்றார். மண்வெட்டி, நீளமான ஓர் இரும்புக் கம்பி, புதிதாகக் கழுவிய சப்பாத்து எல்லாம் தயாராக இருந்தன. றவூப் வீட்டில் இருக்கமாட்டாமல் வந்திருந்தார். நெல் என்று தான் சொன்னது சரியென்று நிரூபிக்கத்தான் வந்தேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

"அப்ப உங்கட நெல்லுல இருந்து தொடங்குவம் நானா," என்றார் ஸாஹிர். "நெல்லு மூட்டைய ஆள் தோள்ல வெச்சுப் பெட்டிக்குள்ள கொண்டு போகணும். அதுக்குப் பெட்டிட தரை உயரத்துக்கு மேடை வேணும். எங்க மேடை?"

பாதையின் இரண்டு பக்கமும் கம்பியால் குத்திப் பார்த்தார்கள். மணல்தான் இருந்தது. கல்லோ செங்கல்லோ தட்டுப்படவில்லை. றவூப் வாவிக்கரை வேலி வரைக்கும் போய்க் குத்திவிட்டுத் திரும்பி வந்தார்.

"ஒடச்சிட்டு எடுத்திரிப்பாங்க," என்றார். குரலில் முன்பிருந்த உறுதி இல்லை.

மேடை இல்லாததால் யானையும் சாராயமும் போயின. படகும் போயிற்று; பாதை தண்ணீரை நோக்கிச் சரியவில்லை, வாவிக்கு வெகு முன்னாலேயே நின்றுவிட்டது. மிச்சமிருந்தது எண்ணெய். அதற்குத்தான் ஸாஹிர் பயந்தார். பாதை முடிந்த இடத்துக்கு அப்பால் மெதுவாக ஒரு குழி வெட்டி, ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்து பார்த்தார். கேதீஸ்வரியும் முகர்ந்தாள். மண் வெள்ளையாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தது. எண்ணெய் வாசமே இல்லை.

"நான் கரி, சாம்பல் எண்டு நினைச்சன்," என்றார் ஸாஹிர். "எஞ்சின் சாம்பல் கொட்டுற இடமெண்டா மண் கறுத்திருக்கும். அதுவும் இல்ல."

வெயில் ஏறிக்கொண்டு வந்தது. ஆவணி மாதம், முற்றம் முழுக்கப் புல் காய்ந்து சருகாகக் கிடந்தது. மூவரும் நிழல் தேடி பழைய டயர்கள் மலையாகக் குவித்திருந்த மூலையில் போய் நின்றார்கள். அங்கிருந்து பார்த்தபோதுதான் கேதீஸ்வரியின் கண்ணில் அது பட்டது. தண்டவாளத்தின் கடைசிப் பகுதியில் மட்டும் அறுகம்புல் பச்சைப் பசேலென்று நின்றது. வேலியில் இருந்த ஓட்டையால் புகுந்த ஒரு சிவப்பு மாடு, மற்ற இடத்தைத் திரும்பியும் பாராமல், நேரே அங்கே போய் மேயத் தொடங்கியது.

"இந்த மாடு எப்பவும் இதிலதான் மேயுமா நானா?"

"இது மட்டுமா, ஊர் மாடெல்லாம் இதிலதான் நிக்கும். விரட்டி விரட்டிக் களைச்சிட்டம்."

அவள் மாட்டை விரட்டிவிட்டு அந்த இடத்தில் குந்தினாள். "ஸாஹிர், இதில சிலிப்பர் கட்டை எங்க?"

ஸாஹிர் வந்து புல்லை விலக்கினார். தண்டவாளத்தைத் தாங்கும் சிலிப்பர்கள் முற்றம் முழுக்க மரக்கட்டைகள்தான். உக்கிப் போயிருந்தாலும் மரம். இங்கே, ஒரு ரயில் பெட்டி நிற்கக்கூடிய நீளத்துக்கு மட்டும், அவை இரும்பில் இருந்தன. அவர் இரண்டு தரம் விரலால் தட்டிப் பார்த்தார்.

"ஏன் இங்க மட்டும் மாத்தினாங்க?" என்று தனக்குள்ளே கேட்டுக்கொண்டார். பிறகு தானே மெதுவாகச் சொன்னார்: "மரம் போட்டுப் போட்டு உக்கியிரிக்கும். அலுத்துப் போய் இரும்பு போட்டிருக்காங்க."

"ஏன் உக்கினது?"

"ஈரம்."

மூவரும் ஒரே நேரத்தில் மண்ணைத் தோண்டத் தொடங்கினார்கள். றவூப் நெல்லை மறந்துவிட்டார். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே, முழங்கை ஆழத்தில், செங்கல்லால் கட்டிய சிறு வாய்க்கால் ஒன்று தட்டுப்பட்டது. அது பாதையை விட்டு விலகி வாவிப் பக்கம் ஓடியது; மண் அடைத்துப்போனதால் மாரித் தண்ணீரின் ஈரம் இன்னும் அதற்குள் நின்றது. வாய்க்காலுக்கு அருகே நிலத்தோடு நிலமாக வெட்டப்பட்ட ஒரு வார்ப்பிரும்புக் குழாயின் வாய் இருந்தது. தேங்காய் ஒன்றை வைத்தால் உள்ளே விழாமல் நிற்கும், அவ்வளவு அகலம்.

"தண்ணி," என்றாள் கேதீஸ்வரி. "இதில நிண்ட பெட்டிக்கு மேல இருந்து தண்ணி ஊத்தியிருக்காங்க. சிந்தின தண்ணி ஓடத்தான் வாய்க்கால்."

ஸாஹிர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "எஞ்சினுக்குத் தண்ணி ஊத்துற தூண் ஸ்டேஷன்ல இருந்தது மேடம், அங்கால பக்கம். அதிட அத்திவாரம் இப்பவும் கிடக்கு. எஞ்சின் இஞ்ச வரத் தேவையில்ல."

"எஞ்சினுக்கெண்டு நான் சொல்லல்லையே. பெட்டிக்கு. டாங்கிப் பெட்டிக்கு. இஞ்ச இருந்து வேற எங்கயோ தண்ணி கொண்டு போயிருக்காங்க."

"எங்க?"

"நல்ல தண்ணி இல்லாத ஊருக்கு."

ஸாஹிர் எழுந்து நின்றார். மண்வெட்டி கையிலேயே இருந்தது. அவருடைய முகம் மாறிய விதத்தைப் பார்த்து றவூப், "என்ன, பாம்பா?" என்று கேட்டார்.

"என்ட வீட்டுக்குப் பின்னால ஒரு தொட்டி இரிக்கி," என்றார் ஸாஹிர். "நாலு தூணில, கூரை உயரத்துக்கு, செங்கல்லால கட்டின தொட்டி. பக்கத்தில கிணறு இல்ல. கண்ணாமுனையில எங்க வெட்டினாலும் உப்புக் கரிக்கிற சவர்த் தண்ணிதான். குழாய்த் தண்ணி வரமுந்தி ஸ்டேஷன் ஆக்கள் என்னத்தக் குடிச்சாங்க எண்டு நான் ஒரு நாளும் யோசிக்கல்ல."

"தொட்டியில இப்ப என்ன இருக்கு?"

"புறா வளக்கிறன்."

கேதீஸ்வரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஸாஹிரும் மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். தன் வீட்டுப் பின்கட்டில் இருந்ததைத் தேடி ஒரு ஸ்டேஷன் தூரம் வந்து மண் தோண்டியிருக்கிறார்.

ஆனால் தண்ணீர் எங்கிருந்து வந்தது? டிப்போவில் ஒரே ஒரு ஆழமான குழாய்க்கிணறுதான் இருந்தது. அதில் வருவது சவர். அதில் கழுவிக் கழுவித்தான் பஸ்களின் அடித்தகடு துருவேறி உதிர்ந்துகொண்டிருந்தது. குடிக்கிற தண்ணீர் பவுசர் லொறியில் வரும். சில நாள் வராது.

வெட்டப்பட்ட குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று கம்பியால் குத்திக்கொண்டே போனார்கள். டங், டங் என்று இரும்பு இரும்பில் பட்டது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு மூவரும் வரிசையாக நடந்தார்கள். அது நேராக அவர்கள் நிழலுக்கு நின்ற டயர் மலைக்குள் போய் மறைந்தது.

றவூப் டயர்களைப் பார்த்தார். "இதுக்குக் கீழ வட்டமாக் கொங்கிரீட் தரை ஒண்டு இரிக்கி," என்றார். "நான் வேலைக்கு வரக்குள்ளயே இரிந்தது. டயர் வெக்கத்தான் போட்டதெண்டு நினைச்சன்."

"டயர் வெக்க ஆராச்சும் வட்டமாத் தரை போடுவாங்களா நானா?"

"டயர் வட்டம்தானே மேடம்," என்றார் றவூப். அவர் உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தார்.

திங்கட்கிழமை காலை பஸ்கள் எல்லாம் போன பிறகு டயர் மலையை இடம் மாற்றுவது என்று முடிவாயிற்று. அன்று காலை பஸ்ஸில் வரும்போது கேதீஸ்வரி திரும்பத் திரும்ப அதையே நினைத்தாள். அரைநாள் வேலைத்தளத்தை நிறுத்தியாயிற்று. கீழே வெறும் தரைதான் என்றால், மனேஜர் மேடம் டயர் அடுக்கிய கதையை இந்த டிப்போ வருஷக்கணக்காகச் சொல்லிச் சிரிக்கும். கன்டீன் திரும்பவும் ஊமையாகிவிடும்.

இறங்கிப் பார்த்தால் டயர் மலையில் பாதி ஏற்கெனவே நகர்ந்திருந்தது. ஓய்வில் இருந்த சாரதிகளும் கண்டக்டர்களும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு டயர்களை உருட்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. லக்ஷன் ஒரு பக்கமும் நௌஷாட் மறு பக்கமும் நின்று, எண்ணெயா படகா என்று இன்னும் சண்டை பிடித்தபடியே உருட்டினார்கள். புஸ்பம் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிழலில் நின்றாள்.

கொங்கிரீட் மூடி வெளியே தெரிந்தது. றவூப் பஸ் தூக்கும் ஜக் இரண்டை இரு பக்கமும் வைத்து, நடுவில் சங்கிலி போட்டு, எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னார். மூடி முனகிக்கொண்டு ஒரு பக்கம் எழுந்தது. உள்ளேயிருந்து பழைய, குளிர்ந்த காற்று வந்தது. எட்டிப் பார்த்தவர்களுக்கு இருட்டுத்தான் தெரிந்தது.

"மண் போட்டு மூடியிருப்பாங்க," என்றார் யாரோ.

லக்ஷன் சட்டைப் பையிலிருந்து ஓர் ஆணியை எடுத்து உள்ளே போட்டான். எல்லோரும் குனிந்து காது கொடுத்தார்கள்.

கீழேயிருந்து 'டொம்' என்று சத்தம் வந்தது.

அதன் பிறகு நடந்த ஆரவாரத்தில், ஸ்டேஷனில் நின்றவர்கள் ஏதோ விபத்து என்று ஓடி வந்தார்கள். வாளி ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கித் தூக்கினார்கள். "சுகாதார ஆக்கள் பாக்காம ஒருத்தரும் வாயில வெக்கக் கூடா," என்று கேதீஸ்வரி சொல்லிக்கொண்டிருக்கும்போதே றவூப் ஒரு கை அள்ளி விழுங்கிவிட்டார்.

"நானா."

"சவர் இல்ல மேடம்," என்றார் அவர். முகம் முழுக்கத் தண்ணீர். "அல்ஹம்துலில்லாஹ், சவரே இல்ல."

"ஆனை குடிக்கவும் தண்ணி வேணும்தானே," என்றாள் புஸ்பம். தன் மாமனாரை அவள் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

ஆனால் அன்று பிற்பகலே சந்தோஷம் பாதியாகக் குறைந்தது. கிணற்றை இறைத்துத் துப்புரவாக்க வேலைத்தளத்தின் பெரிய மோட்டரை வைத்தார்கள். மோட்டர் ஆவேசமாக இறைத்தது. தண்ணீர் விறுவிறுவென்று இறங்கியது. மாலைக்குள் வந்த தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்த றவூப் துப்பினார். சவர்.

"போச்சு," என்றார். "வாவி உள்ளுக்கு வந்திட்டு."

ஆட்கள் ஒவ்வொருவராக முகத்தைத் தொங்கப் போட்டார்கள். தன் வேலை முடிந்து பார்க்க வந்த ஸாஹிரும் ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார். கேதீஸ்வரி மட்டும் மோட்டரிடம் போய் அதை நிறுத்தினாள்.

"இண்டைக்கு இனி இறைக்க வேணாம். கிணத்த அப்படியே விடுங்க."

"விட்டா என்ன மேடம் ஆகப்போகுது?"

"மாங்கேணியில எங்கட மாமி மோட்டர் வெக்கவே விட மாட்டா. வாளியால மட்டும்தான் அள்ளணும். ஆராச்சும் கூட அள்ளினா அண்டைக்கெல்லாம் பேச்சு வாங்கணும். நான் அத அவட குணமெண்டு நினைச்சுக் கொண்டிருந்தன்." அவள் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தபடி சொன்னாள். "மழைத் தண்ணி இந்த மணலுக்குள்ள, சவருக்கு மேல நிக்குது. மெதுவா எடுத்தா மெதுவா ஊறி வரும். அவசரப்பட்டு இழுத்தா கீழ கிடக்கிற சவர் மேல வந்திரும். பொறுத்தா திரும்பவும் கீழ போகும்."

இரண்டு நாள் ஒருவரும் கிணற்றைத் தொடவில்லை. மூன்றாம் நாள் காலை வாளி இறக்கினார்கள். எல்லோரும் றவூபின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் வேண்டுமென்றே நேரமெடுத்து, வாயில் வைத்துக் கொப்பளித்து, வானத்தைப் பார்த்து, பிறகுதான் தலையை ஆட்டினார். நல்ல தண்ணீர்.

அன்று பின்னேரம் ஸாஹிர் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார். "ஒண்டு மட்டும் எனக்கு இன்னும் விளங்கல்ல மேடம்," என்றார். "தண்ணி எடுக்கத்தான் வந்தாங்கெண்டா, ஸ்டேஷன்லயே பெட்டிய நிப்பாட்டிக் குழாயப் போட்டு நிரப்பிக்கொண்டு போயிரிக்கலாம். கையளவு தண்ணிக்கு ஏன் தனியா ஒரு சைடிங் போட்டு, பிரிவு வெச்சு, இவ்வளவு இரும்பக் கொட்டினாங்க?"

கேதீஸ்வரி வாளியின் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தாள். பாதி சுற்றில் கை நின்றது.

"கையளவு எண்டதாலதான்," என்றாள். "ஒரு டாங்கிப் பெட்டி நிரம்ப இந்தக் கிணத்துக்கு எவ்வளவு நேரம் வேணும்? காலையிலிருந்து பின்னேரம் வரைக்கும் கொஞ்சம் எடுத்து, பொறுத்து, திரும்பக் கொஞ்சம் எடுத்து... பெட்டி நாள் முழுக்க நிக்கணும். பெரிய பாதையில நாள் முழுக்க ஒரு பெட்டிய நிப்பாட்டினா மட்டக்களப்பு ரயில் எதால போறது?"

ஸாஹிர் பெரிய பாதைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு தொடையில் ஓங்கித் தட்டினார்.

"காலை ரயில் வெறும் பெட்டியக் கழட்டி விட்டுட்டுப் போகும். பின்னேர ரயில் நிரம்பின பெட்டியக் கொழுவிக்கொண்டு வரும். அதுக்கு ஒதுங்கி நிக்க இடம் வேணும். அதுதான் இது."

அவர் எழுந்து போய்த் தண்டவாளத்தின் அந்தக் கடைசிப் பகுதியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கேதீஸ்வரியும் போய்ப் பக்கத்தில் நின்றாள். ஓர் ஆள் பெட்டியின் நிழலில் குந்தியிருந்து, கிணறு ஊறும்வரை சுருட்டுப் பிடித்தபடி காத்திருப்பது அவளுக்குக் கண்ணில் தெரிந்தது. அவசரமே இல்லாத உத்தியோகம். மேலே தண்ணீர் ஏற்றிய தூணும் இரும்புச் சட்டமும் எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளியில் போயிருக்கும் என்று ஸாஹிர் ஊகித்தார்; கண்ணாமுனைக்குக் குழாய்த் தண்ணீர் வந்த பிறகு திருப்பிக் கட்ட ஒருவருக்கும் தேவை இருந்திருக்காது. பஸ் டிப்போ கட்ட வந்தவர்கள், பஸ் விழுந்துவிடும் என்று கிணற்றுக்கு மூடி போட்டிருப்பார்கள். மூடியின் மேல் முதல் டயரை யார் வைத்தார் என்பது மட்டும் தெரியவில்லை. றவூப் அது தானில்லை என்று சத்தியம் பண்ணினார்.

சுகாதாரப் பரிசோதகர் வந்து தண்ணீரை எடுத்துப்போய்ப் பார்த்து, மருந்து போட்டுக் கழுவிப் பாவிக்கலாம் என்றார். டிப்போவில் ஒரு ஒழுங்கு வந்தது. சின்ன மோட்டர் ஒன்று காலையில் கொஞ்ச நேரம் மட்டும் ஓடும். பிறகு அதன் சாவி புஸ்பத்தின் இடுப்பில் இருக்கும். மனேஜரே வந்து கேட்டாலும் அவள் கொடுப்பதில்லை. பஸ்கள் முறை வைத்து நல்ல தண்ணீரில் கழுவப்பட்டன. தன் முறை வந்த நாளில் லக்ஷன் பஸ்ஸுக்குச் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு வாகரைக்குப் போனான். நல்ல தண்ணீர் வீணாகக்கூடாதென்று கழுவின நீரை வாழைக்குப் பாய்ச்சும் யோசனை நௌஷாட்டுடையது. அதற்குள் வேலியோரம் நாலு வாழைக்கன்றும் வந்துவிட்டது.

கேதீஸ்வரி இப்போது கன்டீனில்தான் சாப்பிட்டாள். அவள் உள்ளே வந்தால் பேச்சு நிற்பதில்லை. சொல்லப்போனால், வாதத்தில் தன் பக்கம் சேர ஒரு ஆள் வந்ததென்று இரண்டு மேசையிலிருந்தும் கூப்பிட்டார்கள். அவளுக்கே சில நாள் கொஞ்சம் அமைதியாகச் சாப்பிட்டால் நல்லது என்று தோன்றும்.

ஸாஹிர் காரணம் எழுதி அனுப்பினார். 'கண்ணாமுனைக்கு நீர் கொண்டு செல்லும் பெட்டி நிறுத்துவதற்கான பக்கப் பாதை; பாவனையில் இல்லை' என்று இரண்டே வரி. மேலிடத்திலிருந்து கேள்வி ஒன்றும் வரவில்லை. மாரி தொடங்கும் முன் அவருடைய ஆட்கள் வந்து தண்டவாளத்தைக் கிளப்பி ஏற்றிக்கொண்டு போனார்கள். முற்றம் திடீரென்று பெரிதாகிவிட்டது போலிருந்தது. பஸ்கள் பயமில்லாமல் கிறுகித் திரும்பின.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் கேதீஸ்வரி வீட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது ஸாஹிர் போன் எடுத்தார். காற்று இரைந்தது, எங்கோ பாதையோரம் நின்று பேசுகிறார் போலிருந்தது.

"மேடம், புணானைக்கு இங்கால, காட்டுக்குள்ள, பாதைக்குப் பக்கத்தில படிக்கட்டு ஒண்டு கிடக்கு. கருங்கல்லு. நல்ல வடிவான வேலை. ஆனா படி ஏறிப் போனா மேல ஒண்டும் இல்ல."

"கட்டடம் இருந்து உடைஞ்சிருக்கும்."

"அத்திவாரம் இல்ல. குத்திப் பாத்திட்டன்."

கேதீஸ்வரி தோளில் மாட்டிய பையைத் திரும்பவும் மேசையில் வைத்தாள். "எத்தின படி? எந்தப் பக்கம் பாத்து நிக்குது?"

போன் பேச்சைக் கேட்டபடி வாசலில் நின்ற றவூப், கை துடைக்கும் துணியோடு உள்ளே வந்தார். "படி எண்டா வேற என்ன மேடம், நெல்லு மூட்டை ஏத்தத்தான்," என்றார்.

"நாளைக்கு எங்களுக்கு லீவுதானே நானா?"

"லீவுதான்."

"ஸாஹிர்," என்றாள் கேதீஸ்வரி போனில், "நாளைக்குக் காலை பஸ்ஸில வாறம். கம்பியக் கொண்டு வாங்க."

கன்டீன் பக்கமிருந்து புஸ்பத்தின் குரல் வந்தது. யானை மேல் ஏறத்தான் படிக்கட்டு, இதுகூடத் தெரியாதா என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.